ஏட்டில் ஏறிய நாய்

ஒரு நாய் இனம் அழிவிலிருந்து காப்பாற்றப்பட்டது என்று எழுதினால் அத்தோடு விஷயம் முடிந்துபோவதில்லை. யார் காப்பாற்றினார்கள், யாரிடமிருந்து வாங்கிக் காப்பாற்றினார்கள், யாருக்காகக் காப்பாற்றினார்கள் என்ற மூன்று கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. நாய்ப் பிரியர்கள் எழுதுகிற வரலாற்றில் இந்தக் கேள்விகளுக்கு இடம் கிடையாது. அதனால் நாம் கேட்போம்.

ஐரோப்பாவின் வடகோடியில் நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யா என்ற நான்கு நாடுகள் பங்கு போட்டுக்கொண்ட ஒரு நிலம் இருக்கிறது. அந்த நிலத்தின் பூர்வகுடி மக்களுடைய மேய்ச்சல் நாயைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். "நம்ம சேரியில ஆயிரம் பிரச்சினை கெடக்கு, பனி தேசத்து நாயப் பத்தி நமக்கு என்னத்துக்கு?" என்று கேட்கிற தோழர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். இந்தக் கதை நாயில் தொடங்கி மனித மண்டையோட்டுக்குப் போகிறது. அங்கேயிருந்து நேராக நம்ம ஊர்ச் சாதிக்கு வந்து சேர்கிறது.

அந்த மக்களின் பெயர் சாமி. பண்ணையாரை மட்டுமல்ல, பண்ணையார் வீட்டு அஞ்சு வயசுப் பொடியனையும் 'சாமி' என்று கூப்பிட வைக்கப்பட்டவர்கள் எங்கள் முன்னோர்கள். அதனால் புத்தகத்தில் இந்தப் பெயரை முதலில் பார்த்தபோது நாக்கு கொஞ்சம் தயங்கியது. இந்தச் சாமி வேறு. இது அந்த மக்கள் தங்களைத் தாங்களே அழைத்துக்கொள்ளும் பெயர். அடுத்தவர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் 'லாப்'. அந்தச் சொல்லில் கேவலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி அவர்கள் அதைத் தள்ளினார்கள். 'தீண்டத்தகாதோர்', 'ஹரிஜன்' எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நாம் 'தலித்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டது போலத்தான். மெல்ல மெல்ல அரசாங்கத் தாள்களிலும் பெயர் மாறியது. நாய்க்கு மட்டும் மாறவில்லை. உலக நாய்க் கழகங்களின் பட்டியலில் அது இன்றைக்கும் 'பின்னிஷ் லாப்ஹுண்ட்', 'லாப்போனியன் ஹெர்டர்' என்றுதான் இருக்கிறது. மனிதரைப் பார்த்துச் சொல்லக் கூடாது என்று ஒதுக்கிய சொல் நாயின் கழுத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இந்த நாய் என்ன வேலை செய்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சாமி மக்களில் ஒரு பகுதியினர் மீன்பிடிப்பவர்கள், ஒரு பகுதியினர் ரெயின்டீர் என்கிற பனிமான் மேய்ப்பவர்கள். பனிமானை நம்ம ஆடு மாடு போல நினைக்க முடியாது. அது பாதி காட்டு விலங்கு. கோடையில் கொசுவுக்கும் சூட்டுக்கும் தப்பி மலைக்கோ கடற்கரைக்கோ போகும். குளிர்காலத்தில் காட்டுக்குள் வந்து பனியைக் குளம்பால் தோண்டி, அடியில் இருக்கும் பாசியைத் தின்னும். மந்தையின் பின்னால் மனிதரும் போக வேண்டும். வட சாமி மொழியில் மந்தைக்கு 'ஏல்லு' என்று பெயர். வாழ்க்கைக்கு 'ஏல்லின்'. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். மந்தை போனால் என்ன போகும் என்பதை அந்த மொழியே சொல்லிவிடுகிறது.

அந்த மந்தையைத் திருப்புவது, சிதறியதைச் சேர்ப்பது, குட்டிகளின் காதில் அடையாளம் வெட்ட அடைப்புக்குள் கொண்டுவருவது எல்லாம் நாயின் வேலை. அது குரைத்துக்கொண்டே ஓடும் நாய். காட்டிலும் மூடுபனியிலும் சூரியன் எட்டிப் பார்க்காத துருவத்து மார்கழி இருட்டிலும் மேய்ப்பவருக்குக் கண் உதவாது, காதுதான் உதவும். நாயின் குரலை வைத்து மந்தை எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுகொள்வார். கொம்புக்கும் உதைக்கும் தப்பத் துள்ளி விலகத் தெரிய வேண்டும். அதைவிட முக்கியமாக, 'போதும்' என்றால் நிற்கத் தெரிய வேண்டும். பின்பனிக்காலத்தில் சினைமானை வீணாக ஓடவிட்டால் இருக்கிற கொஞ்ச பலமும் போய்விடும். இந்தக் குணங்களைப் பார்த்துத்தான் மேய்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குட்டிகளைத் தேர்ந்தார்கள். முடி நீளமா குட்டையா, காது நிமிர்ந்ததா மடங்கியதா என்பதெல்லாம் அவர்களுக்கு இரண்டாம் பட்சம். வேலை செய்கிற நாய் நல்ல நாய், அவ்வளவுதான்.

இந்த நாய் எப்படி அருகிப் போனது? மேய்ச்சல் அருகிப் போனதால். காரணத்தைத் தேட வேறெங்கும் போக வேண்டியதில்லை.

1751இல் டென்மார்க்-நார்வேயும் ஸ்வீடனும் எல்லை போட்டுக்கொண்டபோது, சாமி மக்கள் மந்தையோடு எல்லையைக் கடந்து போய்வரலாம் என்ற உரிமையை உடன்படிக்கையின் இணைப்பிலேயே எழுதி வைத்தார்கள். நூறு ஆண்டு கழித்து அந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன. ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த பின்லாந்துக்கும் நார்வேக்கும் இடையிலான எல்லை 1852இல் மேய்ச்சலுக்கு மூடப்பட்டது. பின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் இடையிலான எல்லை 1889இல் மூடப்பட்டது. கோடைக்கு ஒரு பக்கம், குளிருக்கு ஒரு பக்கம் என்று போய்க்கொண்டிருந்த குடும்பங்கள் பாதி நிலத்தை இழந்தன. வரைபடத்தில் கோடு போட்டவர்கள் யாரும் மந்தைக்குப் பின்னால் நடந்தவர்கள் இல்லை.

அடுத்து யுத்தம். 1944 இலையுதிர் காலத்திலிருந்து 1945 ஏப்ரல் வரை நடந்த லாப்லாந்துப் போரில், பின்வாங்கிய ஜெர்மன் ராணுவம் வீடு, பாலம், சாலை எல்லாவற்றையும் கொளுத்திக்கொண்டே போனது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இடம்பெயர்க்கப்பட்டார்கள். மந்தைகள் சிதைந்தன. இடம்பெயர்கிற குடும்பம் எத்தனை நாயைக் கூட்டிக்கொண்டு போக முடியும்? போருக்குப் பின் பெட்சாமோ பகுதி சோவியத் யூனியனுக்குப் போய்விட்டதால், அங்கிருந்த ஸ்கோல்ட் சாமி மக்கள் பூர்வீக நிலத்துக்குத் திரும்பவே முடியவில்லை. 1949இல் செவெட்டியார்வி என்ற இடத்தில் அவர்களைக் குடியமர்த்தினார்கள்.

அதே செவெட்டியார்விக்கு 1960களின் தொடக்கத்தில் பனியில் ஓடும் மோட்டார் வண்டி வந்தது. பெர்ட்டி பெல்ட்டோ என்ற அமெரிக்க மானிடவியலாளர் இதை நேரில் ஆராய்ந்து 1973இல் ஒரு நூல் வெளியிட்டார். பத்தே ஆண்டுக்குள் வண்டி இல்லாமல் மேய்ச்சல் இல்லை என்ற நிலை வந்துவிட்டது. வண்டிக்குக் காசு வேண்டும், பெட்ரோலுக்குக் காசு வேண்டும், உதிரி பாகத்துக்குக் காசு வேண்டும். காசுக்காக மானை விற்றார்கள். வசதி உள்ளவர்கள் தாக்குப் பிடித்தார்கள், இல்லாதவர்கள் மந்தையை இழந்து தொழிலை விட்டே வெளியேறினார்கள். எந்திரம் எல்லோருக்கும் பொது, முன்னேற்றம் எல்லோருக்கும் பொது என்று சொல்கிற பொதுப்புத்திக்கு அந்த நூல் நல்ல பதில். வண்டிச் சத்தம் நுழைந்த இடத்தில் நாயின் குரலுக்கு வேலை குறைந்தது.

இனி காப்பாற்றிய கதை.

பின்லாந்து கென்னல் கிளப் 1945இல் இந்த நாய்க்கு முதல் இலக்கணம் எழுதியது. உயரம் இவ்வளவு, நிறம் இப்படி, வால் இப்படி என்று. அந்த இலக்கணத்துக்கு ஆதாரமாக இருந்த நாய்களில் கரேலியக் கரடி வேட்டை நாயின் ரத்தம் கலந்திருந்தது. வேட்டை நாய் விலங்கைத் துரத்தி மடக்கும். மேய்ச்சல் நாய் ஓட்டும், நிறுத்தும், காக்கும். பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் வேலை வேறு. ஏட்டில் இடம் கிடைத்த நாய் ஒன்று, மந்தையோடு நின்ற நாய் வேறொன்று என்கிற நிலை.

மாற்றம் 1950களில் தொடங்கியது. மேய்ப்பவர்களிடம் இருந்த வேலை நாய்களையே தேடிப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். அப்போது நீள முடி நாயும் குட்டை முடி நாயும் ஒரே இனமாக எண்ணப்பட்டன. 1966 டிசம்பர் 10 அன்று குட்டை முடி நாயைத் தனி இனமாகப் பிரித்தார்கள். அதன் பின்னிஷ் பெயர் லாபின்பொரோகொய்ரா. பொரோ என்றால் பனிமான், கொய்ரா என்றால் நாய். 1967இல் நீள முடி நாய்க்குத் தனி இடம் கிடைத்தது. 1993இல் அதற்கு 'பின்லாந்தின் லாப் நாய்' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். பெயரில் நாடு சேர்ந்துகொண்டது. நாயை வளர்த்தெடுத்த மக்கள் சேரவில்லை. பின்லாந்தில் சாமி அல்லாத குடியானவர்களும் பனிமான் வளர்த்தார்கள், அவர்களிடமிருந்தும் நாய்கள் ஏட்டுக்கு வந்தன. ஆனால் அந்த நாயின் பல நூற்றாண்டு உழைப்பு சாமி மக்களோடு சேர்ந்த உழைப்பு என்று கழகத்தின் இலக்கண நூலே ஒப்புக்கொள்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த இனத்தைப் பிழைக்க வைத்தது தூய்மை இல்லை. அப்பன் பெயர், பாட்டன் பெயர் தெரியாத நாயையும் உடலையும் குணத்தையும் பார்த்து ஏட்டில் சேர்த்தார்கள். ஏட்டின் கதவு திறந்திருந்தது. 'வம்சாவளி கொண்டு வா, அப்புறம் பார்க்கலாம்' என்று சொல்லியிருந்தால் மேய்ப்பவரின் வாசலில் படுத்திருந்த ஒரு நாய்க்கும் அனுமதி கிடைத்திருக்காது, இனமும் முடிந்திருக்கும். கதவை மூடிக்கொண்டு உள்ளுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்த விஷயம்தான். பரம்பரை நோய்கள் கூடும். இந்த நாய்களிலேயே பாம்பே நோய் என்ற கொடிய தசை நோயும், பார்வையைக் கொல்லும் விழித்திரை நோயும் உண்டு. அவற்றைச் சுமக்கும் மரபணுவைச் சோதனை செய்து பார்த்துத்தான் இன்று இணை சேர்க்கிறார்கள்.

நாயை அளந்த அதே காலத்தில் அந்த மக்களையும் அளந்தார்கள்.

1852இல், எல்லை மூடப்பட்ட அதே ஆண்டில், நார்வேயின் கௌட்டோகெய்னோவில் ஒரு சாமி கூட்டம் கிளர்ந்தெழுந்தது. சாராய வியாபாரியும் காவல் அதிகாரியும் கொல்லப்பட்டார்கள், பாதிரியாருக்குச் சவுக்கடி விழுந்தது. 1854இல் அஸ்லாக் ஹெட்டா, மோன்ஸ் சோம்பி என்ற இருவரின் தலையை வெட்டினார்கள். உடல்கள் மண்ணுக்குப் போயின. தலைகள் பல்கலைக்கழகத்தின் உடற்கூறு கூடத்துக்குப் போயின. அந்த மண்டையோடுகளைத் திரும்ப வாங்கி அடக்கம் செய்ய 1997 வரை அவர்களின் வாரிசுகள் போராட வேண்டியிருந்தது. ஸ்வீடனில் 1922இல் உப்சாலா நகரத்தில் அரசாங்கமே இன உயிரியல் நிறுவனம் ஒன்றைத் திறந்தது. அதன் தலைவர் ஹெர்மன் லுண்ட்போர்க் சாமி மக்களின் தலையை அளந்தார், ஆடையின்றி நிற்கவைத்துப் படம் எடுத்தார். தூய இனம், கலப்பினம், தாழ்ந்த இனம் என்று ஏடு தயாரித்தார். நாய்க் கண்காட்சியில் நடுவர் செய்கிற வேலையை மனிதர் மேல் செய்தார்கள். அதற்கு விஞ்ஞானம் என்று பெயர்.

இந்தத் தூய்மைப் பேச்சு நமக்குப் புதுசா? சண்டாளர் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும், நாயும் கழுதையுமே அவர்களின் சொத்து என்று மனு பத்தாம் அத்தியாயத்தில் விதித்து வைத்திருக்கிறான். நாய் நம் சொத்தானது அந்த விதியால். பிறகு நாயைவிடக் கீழே தள்ளப்பட்டோம். மகாத் நகரத்துக் குளத்தில் நாய் நக்கிக் குடிக்கலாம், மனிதர் அள்ளிக் குடிக்கக் கூடாது என்றிருந்ததால்தான் 1927இல் பாபாசாகேப் அம்பேத்கர் அங்கே போய்த் தண்ணீர் அள்ளிக் குடித்தார். தமிழ்நாட்டின் தென் மாவட்டக் கிராமங்கள் சிலவற்றில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்று தடை இருந்த செய்தி பத்திரிகைகளிலேயே வந்தது. சேரிக் கடுவன் ஊர்த் தெருப் பெட்டையோடு சேர்ந்துவிடுமாம்! நாய்க்கும் சாதி பிரித்த தேசம் இது. சாதி இரத்தத் தூய்மையைக் காக்கிறது என்று வாதாடியவர்களுக்கு 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலிலேயே அம்பேத்கர் பதில் சொன்னார். கலப்பில்லாத சாதி என்று இந்தியாவில் எதுவும் இல்லை, பஞ்சாபின் பார்ப்பனரும் பஞ்சாபின் சமாரும் ஒரே இனத்தவர் என்று எடுத்துக்காட்டினார். பின்லாந்தில் ஒரு நாய் இனம் திறந்த கதவால் பிழைத்திருக்கிறது. நாய்க்குப் புரிய வைத்த இந்த நியாயத்தை நம்ம ஊரில் மனிதருக்குப் புரிய வைக்க இன்னும் கொலை விழுந்துகொண்டிருக்கிறது.

தூய்மையை விட்டுவிட்டு அறிவுக்கு வருகிறேன். நாயைத் தேர்ந்த அறிவு யாருடையது? எந்தக் குட்டி நாளைக்கு மந்தையைத் திருப்பும் என்று மூன்று மாதத்திலேயே பார்த்துச் சொல்கிற கண் யாருடையது? ஏட்டில் நாயின் பெயர் இருக்கிறது, எண் இருக்கிறது, நடுவர் பெயர் இருக்கிறது. பல நூறு வருசம் அந்தக் குணத்தைக் கட்டிக் காத்த பெண்களும் ஆண்களும் 'மேய்ச்சல்காரர்கள்' என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிப்போகிறார்கள். 1910இல் யோஹன் டூரி என்ற சாமி மேய்ப்பர், தன் மக்களின் வாழ்க்கையைத் தன் மொழியிலேயே எழுதி நூலாக்கினார். சாமி ஒருவர் சாமி மொழியில் தம் மக்களைப் பற்றி எழுதி அச்சான முதல் நூல் அது. அதிகாரிகள் நம்மைப் புரிந்துகொள்ளவில்லை, நாமே எழுதிச் சொல்வோம் என்பது அவருடைய நோக்கம். சாட்சியம் என்று நாம் இன்று சொல்கிறோமே, அதுதான்.

என் தாத்தா பண்ணைக்கு மாடு மேய்த்தவர். வருசக் கூலி கொஞ்சம் நெல்லும் ஒரு வேட்டியும். அவர் கூடவே கருப்பன் என்று ஒரு நாய். ஆற்றைத் தாண்டி வாழைக்குள் இறங்கப் போகிற மாட்டை, தாத்தா நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தால், கருப்பன் முன்னால் போய் மறித்து நிற்கும். கடிக்காது. "கடிக்கிற நாய் மேச்சலுக்கு ஆகாதுப்பா, மாடு மெரண்டா நாம்தான் ஒத வாங்கணும்" என்பார். மாடு மிரண்டு வாழை அழிந்தால் அந்த நஷ்டம் அவர் முதுகில்தான் எழுதப்படும். அந்தச் சத்தத்துக்கு எழுத்து இல்லை. அந்த நாய்க்கு இனப் பெயர் இல்லை, ஏடு இல்லை. 'நாட்டு நாய்', 'தெரு நாய்', அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருத்தர் எங்களைப் பார்த்து, "நீங்கள்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பார். பிற்பாடு எம்.ஏ. தமிழ் வகுப்பில் முல்லைத் திணையின் முதல், கரு, உரி மூன்றையும் மனப்பாடம் செய்தேன். ஆயரும் கோவலரும் குழலும் ஏறுதழுவலும் பரீட்சைக்கு வந்தன. உன் தாத்தாவின் தொழிலைத்தான் படிக்கிறாய் என்று அங்கே ஒருத்தரும் சொல்லவில்லை. இலக்கியத்தில் இருந்தால் மேய்ச்சல் திணை, சேரியில் இருந்தால் வசவு.

சாமி மக்களின் நாய் இன்று பிழைத்துக்கொண்டது. நீள முடி நாய் பின்லாந்தின் பிரியமான வீட்டு நாய்களில் ஒன்று. கடல் கடந்த நாடுகளிலும் வளர்க்கிறார்கள். பெரும்பாலானவை மானையே பார்க்காமல் நகரத்து வீட்டு மெத்தையில் தூங்குகின்றன. அதில் தப்பில்லை, நாய் சுகமாக இருக்கட்டும். வண்டி வந்த பிறகும் அடர்ந்த காட்டிலும் பனியில்லாத காலத்திலும் நாய் இல்லாமல் ஆகாது என்று கண்ட மேய்ப்பவர்கள் சிலர் வேலை நாயை விடாமல் வைத்திருக்கிறார்கள். அந்த நாய்க்கு வேலை இருக்க வேண்டுமானால் மந்தை இருக்க வேண்டும். மந்தை இருக்க மேய்ச்சல் நிலம் இருக்க வேண்டும்.

அந்த நிலம் என்ன கதியில் இருக்கிறது? நார்வேயின் ஃபோசென் பகுதியில் சாமி மக்களின் குளிர்கால மேய்ச்சல் நிலத்தில் 151 காற்றாலைகளை நிறுத்தினார்கள். அதற்குக் கொடுத்த அனுமதி செல்லாது, அது அந்த மக்களின் பண்பாட்டு உரிமையை மீறுகிறது என்று 2021 அக்டோபர் 11 அன்று நார்வேயின் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்து 500 நாள் கழித்து, 2023 பிப்ரவரியில், சாமி இளைஞர்கள் தலைநகர் ஓஸ்லோவில் அமைச்சகத்தின் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும் இழப்பீட்டு ஒப்பந்தங்கள் ஆயின. காற்றாலை ஒன்றும் இறங்கவில்லை. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற பெயரிலேயே மேய்ச்சல் பறிபோகிறது. பூமி சூடேறுவதால் நடுக்குளிரில் மழை பெய்கிறது. அந்த ஈரம் உறைந்து பனிக்கட்டித் தகடாகி, அடியில் இருக்கும் பாசியை மூடிவிடுகிறது. மான் தோண்டிப் பார்த்துவிட்டுப் பட்டினியாக நிற்கிறது. காசு கொடுத்துத் தீனி வாங்கிப் போட வேண்டியிருக்கிறது. மறுபடியும் காசு உள்ளவர் நிற்பார், இல்லாதவர் வெளியேறுவார்.

ஆக, முதலில் கேட்ட கேள்விகளுக்கு என் பதில் இது. நாயின் உடலைக் கழகங்கள் காப்பாற்றின, அதற்கு நன்றி சொல்லலாம். நாயின் குணத்தை அவர்களுக்கு முன்பே காப்பாற்றி வைத்திருந்தவர்கள் மேய்ப்பவர்கள். அவர்களிடமிருந்துதான் அது வாங்கப்பட்டது. இன்று அதன் பலனைப் பெரிதும் அனுபவிப்பவர்கள் மந்தையில்லாதவர்கள். மேய்ப்பவரை நிலத்தைவிட்டு விரட்டிவிட்டு அவருடைய நாயைக் காப்பாற்றினோம் என்று பெருமைப்படுவது, கூத்துக்காரரைப் பட்டினி போட்டுவிட்டு முகமூடியை மியூசியத்தில் வைப்பது போன்றது.

நமக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. ஆடு மாடு மேய்த்த கிழவர்களும் கிழவிகளும் சேரிகளில் இன்னும் இருக்கிறார்கள். மாட்டைத் திருப்பும் சத்தங்கள், நாய்க்குக் கொடுக்கும் குரல்கள், எந்தப் புல் எந்த மாசத்தில் ஆகும் ஆகாது, குட்டி பார்த்துத் தேர்கிற விதம், பண்ணையில் வாங்கிய கூலி, வாங்கிய அடி என்று எல்லாம் அவர்களின் நாக்கிலும் முதுகிலும் இருக்கின்றன. மாணவத் தோழர்கள் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். "மாடு மேச்ச கதையில என்னப்பா இருக்கு" என்றுதான் முதலில் சொல்வார்கள். விடாதீர்கள். பேசினவர் பெயரையும் ஊரையும் மேலே எழுதிவிட்டு, அப்புறம் அவர் சொன்னதை எழுதுங்கள்.